முத்திரை மோதிரம் முதல் வாட்ஸ்அப் பூட்டு வரை: செய்தி எனும் அமானிதத்தின் வரலாறு

 

மரக்காணத்து உப்பளங்கள் தொடங்கித் தெற்கே கோட்டக்குப்பம் வரை நீளும் நம் கடற்கரையில், கடல் கடந்து வாழும் உறவினர் இல்லாத வீடுகள் குறைவு. சவூதியில் இருக்கும் மகனின் குரல் இன்று நொடிப்பொழுதில் தாயின் செவிக்கு வந்து சேர்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு மணமகளின் விவரம், மருத்துவ அறிக்கை, கடன் கணக்கு, கணவன் மனைவியின் மனத்தாங்கல் ஆகிய அனைத்தும் ஒரே கைப்பேசிச் செயலியின் வழியே பயணிக்கின்றன.

அனுப்புபவர், பெறுபவர், இடையில் சுமப்பவர் என மூவர் இல்லாமல் எச்செய்தியும் சென்றடைவதில்லை. சுமப்பவர் அதைத் திறந்து பார்க்கலாமா? ஆட்சியாளர் பார்க்கலாமா? பெற்றவர் அதைப் பிறருக்குக் காட்டலாமா? இவ்வினாக்கள் கைப்பேசியோடு பிறந்தவை அல்ல. கடிதம் எழுதப்பட்ட நாள்தொட்டு எழுந்தவை. அவ்வரலாற்றை அறிந்தால், நம் கையிலிருக்கும் செயலி எதைக் காக்கிறது, எதைக் காக்காமல் நம்மிடமே விட்டுவிடுகிறது என்பது தெளிவாகும்.

மதீனாவில் முத்திரையும் கடிதமும்

நபி (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத முற்பட்டபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்பதில்லை என்று தோழர்கள் கூறினர். அதன்பின் வெள்ளியாலான மோதிரம் ஒன்று செய்யப்பட்டு, அதில் மூன்று வரிகளில் அவர்களின் பெயரும் தூதுத்துவமும் பொறிக்கப்பட்டன. பின்னர் அம்மோதிரம் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் கைகளில் இருந்தது. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் அரீஸ் எனும் கிணற்றில் விழுந்து, தேடியும் கிடைக்காமற்போனது. முத்திரை இரு செய்திகளைச் சொல்லும். இக்கடிதம் இன்னாரிடமிருந்து வந்தது என்பது ஒன்று. வழியில் எவரும் பிரிக்கவில்லை என்பது மற்றொன்று. இன்றைய குறியாக்கத் தொழில்நுட்பமும் இவ்விரண்டையே செய்ய முயல்கிறது.

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, மக்கா வெற்றிக்குச் சற்று முன் நிகழ்ந்ததும் நாம் அறிந்ததே. படையெடுப்புச் செய்தியைக் குறைஷியருக்குத் தெரிவிக்கும் கடிதமொன்றை ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். அலி (ரலி), ஸுபைர் (ரலி), மிக்தாத் (ரலி) ஆகியோர் அனுப்பப்பட்டு, 'ரவ்ளத்து காக்' எனுமிடத்தில் அப்பெண்ணை மறித்தனர். கூந்தலுக்குள் மறைத்திருந்த கடிதத்தை அவள் எடுத்துக் கொடுத்தாள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர்கள் தேடிச் சென்றது ஒரே கடிதத்தை, இடம் குறிப்பிடப்பட்டிருந்தது, ஆளும் குறிப்பிடப்பட்டிருந்தாள். அவ்வழியே சென்ற ஒவ்வொரு பயணியின் மூட்டையும் அவிழ்க்கப்படவில்லை. ஹாதிப் (ரலி) அவர்களுக்கும் தம் தரப்பை விளக்க வாய்ப்பளிக்கப்பட்டது. அவ்விளக்கம் ஏற்கவும் பட்டது.

மறுபுறம், துருவித் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் 49-ஆம் அத்தியாயம் 12-ஆம் வசனத்தில் தடுக்கிறது. பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்று 24-ஆம் அத்தியாயம் 27-ஆம் வசனம் கற்பிக்கிறது. இவ்விதி ஆட்சியாளருக்கும் உண்டு என்பதை உமர் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு செய்தி காட்டுகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அதை 'இஹ்யா'வில் எடுத்தாள்கிறார். இரவில் நகர்வலம் வந்த கலீஃபா, ஒரு வீட்டின் சுவரேறி, உள்ளே மதுவோடு இருந்தவனைக் கண்டித்தார். தான் செய்தது ஒரு குற்றம். கலீஃபா செய்தவை மூன்று என்று அவன் விடையளித்தான். துருவி ஆராய்ந்தது, வாசல் வழியே வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது ஆகியவையே அம்மூன்று. உமர் (ரலி) அவனைத் தண்டிக்காமல் திரும்பினார். பாவத்தை நியாயப்படுத்தும் செய்தியன்று இது. அதிகாரத்தின் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதே இதன் படிப்பினை.

எந்தப் பூட்டுக்கும் திறவுகோல் செய்பவர் ஒருவர் பிறக்கிறார் என்பதும் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, மறையெழுத்துகளை உடைக்கும் முறை குறித்துத் தனிநூல் எழுதினார். ஒரு மொழியில் எவ்வெழுத்து அடிக்கடி வரும் என்று எண்ணிப் பார்த்தால் மறைமொழி தானே அவிழும் என்று அதில் விளக்கினார். இத்துறையில் இதுவரை கிடைத்துள்ள நூல்களுள் இதுவே மிகப் பழையது. இதன் கையெழுத்துப் பிரதி 1987-இல் இஸ்தான்புல் சுலைமானிய்யா நூலகத்தில் அடையாளம் காணப்பட்டது. மறையெழுத்தைக் குறிக்கும் 'சைஃபர்' எனும் ஐரோப்பியச் சொல்லும் 'ஸிஃப்ர்' எனும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததேயாகும்.

உப்புக்கும் காவல், கடிதத்துக்கும் காவல்

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 1805 முதல் சென்னை மாகாணத்தின் உப்பு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாயிற்று. விளைந்த உப்பைத் தன் பாத்தியிலிருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் உழைத்தவனுக்கு உரிமையில்லாத காலம் அது. மரக்காணம் வரை நீண்ட பக்கிங்ஹாம் கால்வாய் உப்பையும் விறகையும் சென்னைக்குச் சுமந்தது. அளத்துக்குக் காவல் வைத்த அரசு, மக்களின் செய்திப் போக்குவரத்துக்கும் காவல் வைத்தது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் 5-ஆம் பிரிவில் தந்தியை இடைமறிக்கும் அதிகாரத்தையும், 1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் 26-ஆம் பிரிவில் தபாலை இடைமறிக்கும் அதிகாரத்தையும் அரசுக்கு அளித்தன.

இதன் விளைவை நம் கடற்கரை நேரில் கண்டது. மரக்காணம் பிரிட்டிஷ் ஆட்சியில். தெற்கே சில மணி நேரப் பயணத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில். 1908-இல் பாரதியாரும், 1910-இல் அரவிந்தரும், அதையடுத்து வ.வே.சு. ஐயரும் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தனர். பிரிட்டிஷ் உளவாளிகள் அங்கேயே தங்கி அவர்களைக் கண்காணித்தனர். அவர்களுக்கு வந்த கடிதங்கள் இடைமறிக்கப்பட்டன. 'இந்தியா' இதழ் பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. 1918 நவம்பரில் எல்லை கடந்த பாரதியார் கடலூரில் கைது செய்யப்பட்டார்.

முதல் உலகப்போரில் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படிப்பதற்கென்றே தணிக்கை அலுவலகம் ஒன்று இயங்கியது. அதை அறிந்த சிப்பாய்கள் குறிப்பால் எழுதக் கற்றுக்கொண்டனர். கருமிளகு என்றால் இந்தியப் படை. செம்மிளகு என்றால் வெள்ளையர் படை. எவ்வளவு மிளகு தீர்ந்தது, எவ்வளவு மிச்சம் என்று எழுதி, போர்க்கள இழப்பை ஊருக்கு உணர்த்தினர். கடிதம் படிக்கப்படுகிறது என்று தெரிந்தவுடன் மனிதன் மனம்விட்டு எழுதுவதை நிறுத்திவிடுகிறான். கண்காணிப்பின் முதல் இழப்பு இதுவே.

அரபுத்தமிழும் ஒலிநாடாவும்

புதுச்சேரி, காரைக்கால் பகுதி முஸ்லிம்கள் வணிகத்துக்காக பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோன் நகருக்குச் சென்றனர். 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் அங்குக் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அக்காலத்தில் நம் பெண்மக்களுள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாவிடினும், குர்ஆன் ஓதியதால் அரபெழுத்து தெரியும். ஆகவே அரபெழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ், கடல் கடந்த கணவருக்கும் வீட்டிலிருந்த மனைவிக்கும் பாலமாயிற்று. அது மறைப்பதற்காகப் பிறந்த எழுத்தன்று. ஆயினும் தம் கணவரின் கடிதத்தை அயலாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டிய நிலை அப்பெண்களுக்கு ஏற்படவில்லை. கடிதத்தின் அந்தரங்கம் இல்லத்துக்குள்ளேயே நின்றது.

வளைகுடாப் பயணம் பெருகிய பின் ஒலிநாடா வந்தது. தம் குரலைப் பதிந்து, ஊருக்குத் திரும்பும் நண்பரிடம் கொடுத்தனுப்புவர். இன்றைய குரல் பதிவுச் செய்தியின் முன்னோடி அது. அதைச் சுமந்து வந்தவர் வழியில் போட்டுக் கேட்கமாட்டார் என்ற நம்பிக்கை ஒன்றே அதற்குப் பூட்டு. அடுத்து எஸ்.டி.டி. பூத் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையில் நிற்பவர்களின் செவிக்கு எட்டாமல் பேசத் தெரிவதே அன்றைய தனியுரிமை. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது, செய்தியின் நடுவே மனிதர் அமர்ந்து படித்த காலம் பெரும்பாலும் முடிந்தது. அவ்விடத்தில் இயந்திரங்கள் அமர்ந்தன.

நடுவில் இருப்பவரின் கண்

2003-இல் ஸ்கைப் தொடங்கப்பட்டபோது, இணையம் வழியே கட்டணமின்றிப் பேசலாம் என்பது பெரும் வியப்பாக இருந்தது. அச்சேவை 2025 மே மாதம் மூடப்பட்டது. 2009-இல் வாட்ஸ்அப் பிறந்தது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் கூம், தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்ட சோவியத் உக்ரைனில் வளர்ந்தவர். தனியுரிமையில் தமக்கிருந்த பிடிப்புக்கு அந்த அனுபவத்தையே அவர் காரணமாகக் கூறினார். 2014-இல் ஃபேஸ்புக் நிறுவனம் அதை வாங்கியது. 2016 ஏப்ரலில் அதன் எல்லாச் செய்திகளுக்கும் அழைப்புகளுக்கும் 'முனைக்கு முனை குறியாக்கம்' நடைமுறைக்கு வந்தது.

இதை எளிமையாகச் சொல்வதானால், ஒவ்வொரு கைப்பேசியும் தனக்கென ஒரு பூட்டும் ஒரு சாவியும் செய்துகொள்கிறது. பூட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கும். சாவியை வெளியே விடாது. நமக்குச் செய்தி அனுப்புபவர் நம் பூட்டைக் கொண்டு பூட்டி அனுப்புகிறார். நடுவிலுள்ள நிறுவனம் பூட்டிய பெட்டியைச் சுமக்கிறதே தவிர, திறக்க அதனிடம் சாவி இல்லை. சரியான ஆளின் பூட்டுத்தானா என்று பார்க்க, தொடர்பு விவரத்தில் 60 இலக்கப் பாதுகாப்புக் குறியீடு உண்டு. இருவர் கைப்பேசியிலும் அது ஒன்றாக இருந்தால் நடுவில் வேறொருவர் நுழையவில்லை என்று பொருள். மன்னர்களுக்கு மட்டுமே வாய்த்த முத்திரை, முதன்முறையாக உப்பளத் தொழிலாளியின் கைக்கும் வந்தது என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் இதன் எல்லைகளையும் அறிய வேண்டும். உள்ளடக்கம் மூடப்பட்டாலும், யார் யாருடன், எப்போது, எவ்வளவு நேரம் என்ற விவரம் நிறுவனத்துக்குத் தெரியக்கூடும். உறைக்குள் இருப்பதைத் தபால்காரர் படிக்கமாட்டார். உறையின் மேலுள்ள முகவரியைப் படிப்பார். டெலிகிராம் செயலியில் சாதாரண உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் முனைக்கு முனை குறியாக்கம் கிடையாது. 'ரகசிய உரையாடல்' என்று தனியே தொடங்கினால் மட்டுமே உண்டு. பலர் இதை மாற்றி எண்ணிக்கொண்டிருக்கின்றனர். மேலும், பெட்டியை உடைக்க இயலாதவர்கள் வீட்டுக்குள் நுழைய முயல்வர். 2019-இல் பெகாசஸ் எனும் உளவு மென்பொருள், வாட்ஸ்அப் அழைப்பில் இருந்த குறைபாட்டைப் பயன்படுத்திக் கைப்பேசிகளுக்குள் புகுந்தது. அழைப்பை எடுக்காதவர்களின் கைப்பேசியும் அதற்குத் தப்பவில்லை. உலகெங்கும் ஏறத்தாழ 1,400 பேர் குறிவைக்கப்பட்டதாக வாட்ஸ்அப் நிறுவனமே அறிவித்தது. அவர்களுள் இந்தியரும் இருந்தனர்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்த வினா

பூட்டு வலுவானால் குற்றவாளிக்கும் அது புகலிடமாகாதா? இவ்வினாவை எளிதில் ஒதுக்க முடியாது. 2018 மே மாதம், நம் அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை மறக்கலாகாது. கோயிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண்மணி ஒருவர், குழந்தை கடத்துபவர் என்று ஐயுறப்பட்டுக் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். கைப்பேசிகளில் பரவிக்கொண்டிருந்த வதந்தியே அந்த ஐயத்தை விதைத்தது. அதே ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு விதித்தது.

அவ்வாண்டில்தான் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரும் மனுக்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. விசாரணை நாளடைவில், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய முடியுமா என்ற வினாவாக மாறியது. முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு இணைக்கலாம் என்று 2019-இல் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி யோசனை கூறினார். அது குறியாக்கத்தின் நோக்கத்தையே குலைக்கும் என்று வாட்ஸ்அப் எதிர்த்தது. அவ்வாண்டு அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், முதல் அனுப்புநரைக் கண்டறியும் கடமையைப் பெரிய நிறுவனங்கள் மீது சுமத்தின. வாட்ஸ்அப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது.

இங்கே நம் முன்னோரின் ஃபிக்ஹ் நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. மறைவான பாவத்தைத் தேடி ஒட்டுக்கேட்க ஆட்சி அலுவலருக்கு அனுமதியில்லை என்று இமாம் மாவர்தி (ரஹ்) 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் எழுதுகிறார். ஆனால் கொலை போன்ற, பின்னர் ஈடுசெய்ய இயலாத தீங்கு நிகழவிருப்பதாக நம்பத்தகுந்தவர் தெரிவித்தால் துருவலாம் என்று விலக்கும் அளிக்கிறார். குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட ஆதாரம், பெருந்தீங்கு எனும் வரம்பு இது. ஹாதிப் (ரலி) அவர்களின் கடிதம் இவ்வரம்புக்குள் வரும். ஒருவரைப் பிடிக்க எல்லோரின் கடிதத்திலும் அடையாளமிடுவது இதனுள் அடங்காது என்பதே எளியேனின் கருத்து.

நாட்டின் சட்டமும் இதே திசையில்தான் நடந்து வந்திருக்கிறது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு நடைமுறைக் கட்டுப்பாடுகளை விதித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாத நிலையில், குற்றத்தைக் கண்டறிவதற்காக மட்டும் மறைவாக ஒட்டுக்கேட்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று கூறி, 2011-ஆம் ஆண்டின் ஒட்டுக்கேட்பு உத்தரவொன்றை ரத்து செய்தது.

சாவி நம் கையில்

அரசும் நிறுவனமும் ஒருபுறம் இருக்கட்டும். நடுவழி மூடப்பட்ட பின்னும் செய்திகள் கசிகின்றனவே, எங்கிருந்து? பெரும்பாலும் இரு முனைகளிலிருந்துதான். அதாவது, நம்மிடமிருந்துதான்.

ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தால், அப்பேச்சு அமானிதம் ஆகிவிடுகிறது என்பது நபிமொழியின் கருத்து. அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் அது பதிவாகியுள்ளது. 'யாரிடமும் சொல்லாதே' என்று அவர் வாய்திறந்து கேட்கவும் தேவையில்லை. தயங்கித் திரும்பிய பார்வையே போதும். அப்படியிருக்க, நம்மை நம்பி ஒருவர் அனுப்பிய செய்தியைத் திரைப்பதிவு செய்து குழுவில் இடுவது எவ்வகையில் தகும்? கணவன் மனைவி பிணக்கில் பேசிய அழைப்பை ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பதிந்து உறவினருக்கு அனுப்புவதும், மணம் பேச வந்த பெண்ணின் புகைப்படத்தை 'எப்படி இருக்கிறாள்' என்று பத்துப் பேருக்கு அனுப்புவதும் எந்தக் குறியாக்கத்தாலும் தடுக்க முடியாதவை. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும், நம் சமுதாயப் பெண்களின் படங்களை இணையத்திலிருந்து திருடி, அவர்களை 'ஏலம்' விடுவதாகக் காட்டிய இழிசெயலை நாடே கண்டது. வெளியே சென்ற படம் எவர் கையில் சேரும் என்பது அனுப்பியவருக்குத் தெரியாது.

மழைக்காலத்தில் உப்பளங்கள் நீரில் மூழ்கி வேலை நின்றுவிடும். அம்மாதங்களில் ஜமாஅத்தார் அரிசியும் பணமும் வழங்குவது சிறந்த நற்செயல். ஆனால் பெற்றவரின் படத்தையும் பெயரையும் மஹல்லா குழுவில் வெளியிட்டால், அவர் பிள்ளை மறுநாள் பள்ளியில் தலைகுனிகிறான். கணக்கு காட்ட வேண்டுமெனில் தொகையைக் காட்டலாம். முகத்தைக் காட்ட வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் செய்யத்தக்கவை சில:

1. செயலியில் 'இரண்டடுக்குச் சரிபார்ப்பு' எனும் ஆறு இலக்க எண்ணை அமைத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. எண்ணை, உறவினர் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

2. 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியை அவ்வப்போது திறந்து, அறியாத கணினி ஏதேனும் இருந்தால் நீக்குங்கள்.

3. உரையாடல்களின் காப்புப் பிரதிக்குத் தனியே குறியாக்கம் உண்டு. 2021 முதல் கிடைக்கும் அவ்வசதியை நாமே இயக்க வேண்டும். இயக்காவிடில் பெட்டி பூட்டியிருந்தும் அதன் நகல் அதே பூட்டின்றிக் கிடக்கும்.

4. நம்மைக் குழுக்களில் யார் சேர்க்கலாம், நம் படத்தை யார் காணலாம் என்பவற்றை 'என் தொடர்புகள்' என்று மாற்றிவிடுங்கள். தெரியாத எண்களின் அழைப்பை ஒலியின்றி வைக்கும் வசதியையும் பயன்படுத்துங்கள்.

5. கணவர் மனைவியின் கைப்பேசியையும் மனைவி கணவரின் கைப்பேசியையும் அனுமதியின்றித் துருவ வேண்டாம். பிறர் கடிதத்தை அனுமதியின்றிப் பார்ப்பதை நெருப்பைப் பார்ப்பதோடு ஒப்பிடும் அறிவிப்பு அபூதாவூதில் உண்டு. அதன் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறினும், துருவலைத் தடுக்கும் குர்ஆனிய நெறியோடு அதன் பொருள் ஒத்திருக்கிறது. சிறு பிள்ளைகளின் கைப்பேசியைக் கண்காணிப்பது பெற்றோரின் பொறுப்பு. அதையும் பிள்ளைக்குத் தெரியும்படி செய்வதே நம்பிக்கையை வளர்க்கும்.

தபால்காரரின் நேர்மையையும் அரசின் வரம்பையும் கேட்டுப் பெறுவது குடிமக்களாகிய நம் உரிமை. நம்மிடம் வந்து சேர்ந்த செய்தியைக் காப்பது முஸ்லிம்களாகிய நம் கடமை. மறுமையில் நாம் விசாரிக்கப்படும்போது, குறியாக்கம் வலுவாக இருந்ததா என்று கேள்வி வராது. நம்பி ஒப்படைக்கப்பட்டதை என்ன செய்தாய் என்ற கேள்வி வரும்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளையும், நம் விரல் நுனிகளையும் அமானிதம் பேணுபவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.